கணக்கில் வராத குறவை

கடலோரம் பெண்ணெடுத்தவன்
ஏரியில் தூண்டில் போடக் கூடாது.
இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

தேவனாம்பட்டினத்து அஞ்சலாட்சிக்கு
உப்புத் தண்ணீரில் இருப்பதுதான் மீன்.
மற்றதெல்லாம் பூச்சி.
"ஏரி மீனா? சேத்துல விழுந்த
சோப்புக்கட்டி மாதிரில்ல இருக்கும்"
என்று நிச்சயதார்த்தப் பந்தியிலேயே சொன்னவள்.
மாமனார் கலியமூர்த்தி,
பாண்டியில் நான் ஆசையாக வாங்கிவந்த தூண்டில் கோலை
இரண்டே விரலால் தூக்கிப் பார்த்து
"ஒட்டடை அடிக்கவா மாப்ள?" என்றார்.
கேலியில்லை.
உண்மையாகவே கேட்டார்.
அதுதான் வலித்தது.

போன ஞாயிறு பெருமாள் ஏரிக்குப் போனோம்,
நான், தன்யஸ்ரீ, நித்தின்,
தயிர் டப்பாவில் முப்பது மண்புழு.
(தயிர் டப்பா விஷயம் இன்னும் விசாரணையில் இருக்கிறது.)
ஆலப்பாக்கம் தாண்டும்போதே நித்தின் எண்ணிப் பார்த்து
இருபத்தெட்டு என்றான்.
மீதி இரண்டும் எங்கே என்று
அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும்.

தக்கை மிதந்தது.
நான் தக்கையைப் பார்த்தேன்.
தக்கைமேல் வந்து உட்கார்ந்த தட்டான்
என்னைப் பார்த்தது.
ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை
எங்களுக்குள் நடந்தது இவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கோ நல்ல வேட்டை.
நத்தை ஏழு, அதில் ஒன்று காலி வீடு.
வால் உதிராத தவளைக்குஞ்சு ஒன்று,
பள்ளிக்கூடம் பாதியில் நின்றவன் போல.
தண்ணீர்மேல் சறுக்கும் பூச்சியைப் பிடிக்கப்போய்
நித்தின்தான் சறுக்கினான்.
ஒரு வயல்நண்டு என் செருப்புக்குள் குடிபுகுந்து
இது என் பட்டா நிலம் என்பதுபோல்
கொடுக்கைத் தூக்கிக் காட்டியது.

கிளம்பும் நேரத்தில் தக்கை முங்கியது.
இழுத்தேன்.
வந்தது குறவை,
என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம்,
கோபம் மட்டும் விரால் அளவு.

குத்தகைக்காரரின் காவலாள் சைக்கிளை நிறுத்தி
வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.
மறுபடி பார்த்தார்.
"கொண்டு போங்க சார்,
இதெல்லாம் கணக்குல வராது."

வீட்டுக்கு வருவதற்குள்
தன்யஸ்ரீ அதற்குப் பெயர் வைத்துவிட்டாள்,
முத்துக்குமார் என்று.
பெயர் வைத்ததைக் குழம்பு வைக்க முடியுமா?
அரைத்து வைத்த மிளகாயும் புளியும்
அன்றிரவு கத்திரிக்காய்க்குப் போயின.
முத்துக்குமார் கொல்லைத் தொட்டிக்குப் போனான்.
"மூணு நாள்" என்றாள் அஞ்சலாட்சி,
"அதுக்குள்ள கொண்டுபோய் விடல,
நீயும் தொட்டிக்குத்தான்."

நான்காம் நாள்
கொசுப்புழு பார்க்க வந்த நகராட்சிப் பெண்
டார்ச் அடித்துத் தொட்டியைத் தேடினார்.
ஒரு புழுகூட இல்லை.
"யாரு மருந்து ஊத்துனது?"
அஞ்சலாட்சி சற்றே நிமிர்ந்து நின்று சொன்னாள்,
"எங்க வீட்டு ஆளு ஒருத்தன் இருக்கான்."
அது நான் என்று
ஒரு நொடி நினைத்துக்கொண்டேன்.

இப்போது தொட்டிக்கு மேல் கொசுவலை கட்டியிருக்கிறாள்,
துள்ளி வெளியே விழுந்துவிடுவானாம்.
விடியற்காலை பல்தேய்க்கப் போனால் குரல் கேட்கிறது,
"டேய், நேத்து போட்ட கருவாட்டுத் தூள
ஏன்டா முழுசா தின்னல?"
கடல் கருவாடு. ஏரி மீனுக்கு.
அவள் அப்பனுக்குத் தெரிந்தால்
கட்டுமரத்தோடு கவிழ்ந்துவிடுவார்.

நேற்று வந்தார்.
தொட்டியருகே குந்தி உட்கார்ந்து
வெகுநேரம் பார்த்துவிட்டு
"இது எப்ப மாப்ள பெருசாவும்?" என்றார்.
நித்தின் நடுவில் வந்து நின்று
இரண்டு கையையும் விரித்துக்கொண்டான்.

காணாமல் போன மண்புழு இரண்டில்
ஒன்று கிடைத்துவிட்டது.
என் ஹெல்மெட்டுக்குள்.
இன்னொன்றைப் பற்றி
வீட்டில் யாரும் பேசுவதில்லை.
தயிர் மட்டும் இப்போது
கடையில் வாங்குகிறோம்.