ஒன்பதே முக்கால்

சாவி போட்டால் என் வேன்
தூக்கம் கலைந்த பூனை மாதிரி
அரைக்கண் திறக்கும்.
இரண்டாயிரத்து மூன்று மாடல்.
ஹெட்லைட் ஆர்சி புத்தகத்தில் உண்டு;
ரோட்டில்,
யாரோ ரெண்டு அகல் ஏந்தி
முன்னால் நடந்து போகிற மாதிரிதான்.

மணலியில் ரெண்டாவது ஷிப்ட் விட்டால் மணி பதினொன்று.
ஒன்பது பெண்கள் ஏறுவார்கள்.
சோப்பு போட்டும் போகாத ரப்பர் நாற்றமும் ஏறும்.
கிருபைக்கு எப்போதும் முன்சீட்டு,
சலுகை இல்லை, வேலை.
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி
"இடதுல பள்ளம்ண்ணே"
"நாயி, நாயி"
"கண்டெய்னரு நிக்குது, லைட்டு போடல பாவி"
அவள் சொல்ல நான் ஸ்டியரிங் திருப்ப
மூன்று வருஷம் ஓடியது.
பின்னால் எட்டுப் பேர் நிம்மதியாய்க் குறட்டை.

மார்கழியில் ஒருநாள் அவளுக்குத் தும்மல் வந்தது.
அவ்வளவுதான்.
ட்ரெய்லரின் பின்பக்கம்
எங்கள் கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.
யாரும் கத்தவில்லை.
கடைசி சீட்டிலிருந்து ஒரு டிபன் பாக்ஸ்
உருண்டு
உருண்டு
என் காலடிக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட் ஓரம்,
கவுஸின் கடை.
"வெள்ளையா அடிக்குமே, அந்த எல்இடி போட்டுடு."
"போடலாம். எதிர்ல வர்றவன் கண்ணு அவிஞ்சி
உன் மேலயே ஏறுவான். பரவால்லியா?"
மீட்டரை எடுத்தான்.
பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட்.
பல்பில் ஒன்பதே முக்கால்.
"பல்பு நல்லாத்தான் கீது.
கரண்டுதான் வழியில எங்கியோ குந்திக்கினு கீது."
சிரித்துவிட்டேன்.
என் சம்பளமும் அப்படித்தான்,
கம்பெனியில் கிளம்புவது ஒன்று,
வீட்டு வாசலைத் தொடுவது ஒன்று.

டாஷ்போர்டைப் பிரித்தான்.
சுவிட்ச் உள்ளே கருகிக் கிடந்தது.
உப்புக்காற்று தின்ற எர்த்து நட்டு
பச்சையாய்ப் பூத்திருந்தது, பாசி பிடித்த பல் மாதிரி.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், உப்பைத் தேய்க்க.
பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான ஒயர்,
ஒரு ஃப்யூஸ், ரெண்டு ரிலே.
பல்பு அதே பழைய அறுபது வாட்ஸ்.
எதிர்க்கடை ஷட்டரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.
வண்டியை அதன் முன்னால் நிறுத்தி
திருப்புளியால் வெளிச்சத்தைக் கீழே இறக்கினான்:
"டிம்முல இவுரு கழுத்துக்கு மேல ஏறக்கூடாது."
செத்தவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஆயிரத்து எழுநூறு. முன்னூறு பாக்கி.

அன்றைக்கு ராத்திரி எல்லோருமே முழித்திருந்தார்கள்.
"ஐயே, இவ்ளோ குப்பையா இந்த ரோட்ல?"
"அங்க பாருடி, ஒரு கோயிலு கீது!"
ட்ரெய்லருக்கு அடியில் படுத்திருந்த கிளீனரின்
ஒற்றைப் பாதம் வெளியே தெரிந்தது,
ஈரம் காயாத சிமெண்ட் நிறத்தில்.
இத்தனை நாள் எத்தனை பாதங்களுக்கு
பக்கத்தில் போனேனோ.
ஹார்ன் அடிக்காமல் ஒதுங்கினேன்.

கிருபை ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல எதுவும் மிச்சமில்லை.
ஜன்னலை ஏற்றினாள்.
கையை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி
மடியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.
எர்ணாவூர் மேம்பாலம் ஏறும்போது
வாய் லேசாகத் திறந்து தூங்கியிருந்தாள்.
அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

கத்திவாக்கம் திருப்பம் வந்தது.
கண் திறக்காமலே முனகினாள்:
"இடதுல…"
நன்றாகத் தெரிந்தது.
அங்கே பள்ளம் இல்லை.
எப்போதோ தார் ஊற்றி அடைத்துவிட்டார்கள்,
வேளச்சேரிக்காரன் ரோடு மாதிரி வழவழவென்று.
எத்தனை மாசமாய் இல்லாத பள்ளத்துக்கு
ஒதுங்கிக்கொண்டிருந்தோமோ.

ஸ்டியரிங்கைத் திருப்பினேன்.

வண்டி கொஞ்சம் ஆடியது.
பின்சீட்டிலிருந்து யாரோ,
"அதான் பளிச்சினு தெரியுதே,
இன்னும் இன்னாத்துக்குண்ணே வளைக்கிற?"