கண்ணாடித் தண்ணீர்

அணையில் திறந்துவிட்டால்
மண் குடித்தது போக மிச்சம்
மதுரை வந்து சேர இரண்டு நாள்.
எனக்கு இருபத்தைந்து நிமிடம்.

கட்டலினா.
நாற்பத்திரண்டாம் வருஷத்துப் பறக்கும் படகு.
இதன் திராட்டில் விமானியின் தலைக்கு மேலே தொங்கும்.
செல்லூர் வீட்டில்
துணி காயப்போடும் கம்பியில் கட்டியிருக்கிறேன்,
இரண்டு குக்கர் கைப்பிடிகள்.
நைட்டியை ஒதுக்கிவிட்டுத்தான்
வேகம் கூட்டவேண்டும்.

கீழ்வீட்டு ஞானதிரவியம் சார்
போன வாரம் படியேறி வந்து கேட்டார்:
"ராத்திரியில மாவு மில்லு ஓட்டுறீங்களாம்மா?"
ரெட்டை எஞ்சின் சார் என்றேன்.
புரிந்ததுபோல் தலையாட்டினார்.

சோழவந்தானில்
தென்னைக்குப் பதில் ஊசியிலை மரங்கள்.
வலப்பக்கம் நாகமலை, சரியாகத்தான் படுத்திருக்கிறது.
கோயில் இருக்கவேண்டிய இடத்தில்
நாலுமாடி ஆபீஸ் ஒன்று.
ஆறு மட்டும்
கரைக்குக் கரை
நீலம்.
வரைந்தவன் எந்தக் குளிர்நாட்டுக்காரனோ,
ஆறென்றால் தண்ணீர் என்று
நினைத்துவிட்டான்.

அலையில்லாத தண்ணீர்தான் ஆபத்து.
எங்கே தொடங்குகிறதென்று கண்ணுக்குத் தெரியாது.
வைகையில் இந்த வருஷம் பதினோரு தடவை மூழ்கியவள்
நான் ஒருத்திதான் இருப்பேன்.
மிதவைகளை இறக்கு.
மூக்கைக் கொஞ்சம் தூக்கு.
நிமிடத்துக்கு நூற்றைம்பதடி, அதற்கு மேல் அவசரம் வேண்டாம்.
கீழே பார்க்காதே.
எண்ணிக்கொண்டே இரு
எண்ணிக்கொண்டே
எண்ணி

வயிறு தொட்டது.
ஜன்னலெல்லாம் வெள்ளை நுரை.
பிறகு எஞ்சின் அணைந்து
முதல்முறையாக அந்த ஆற்றின் நடுவில்
சும்மா உட்கார்ந்திருந்தேன், விடியும்வரை.
கம்ப்யூட்டரை நிறுத்த மனசில்லை.

காலையில் தரைப்பாலத்தில் ஸ்கூட்டி.
கருவேலம். ஆகாயத்தாமரை.
சாக்கடை ஓடையில் ஒரு கொக்கு,
முழங்கால்கூட நனையாமல்.
கட்டலினாவுக்கு நாலடியாவது வேண்டும் என்று
மனம் கணக்குப் போட்டது.
பின்னால் வந்த மீன்பாடி வண்டிக்காரர்
ஹாரனை எடுக்கவே இல்லை.

சிம்மக்கல்லில்
காதுக்கருவி விற்கிற கடை.
ஸ்பின்னிங் மில்காரர் ஒருவருக்கு ஹெட்போன் மாட்டி
சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்க என்றேன்.
கையை மடியில் வைத்துக்கொண்டு
என் முகத்தையே பார்த்திருந்தார்.
இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்திருக்கிறார்.
நான் எப்போதோ ஆரம்பித்திருந்தேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால்
ஆற்று நடுவில் படகு இல்லை.
மரமும் கோயிலும் பொய்யென்றாலும்
காற்றை மட்டும் நிஜ மதுரையிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது இது.
இன்றைக்குத் தென்மேற்கு.
நங்கூரம் போட மறந்திருக்கிறேன்.
காற்றைப் பார்த்தபடி
பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து
வடகரையில் போய் ஒதுங்கியிருக்கிறது,
செல்லூரில்,
எங்கள் தெருவில்,
எங்கள் வீடு நிற்கவேண்டிய இடத்துச் சாம்பல்நிறப் பெட்டியில்
வாலைச் சாத்திக்கொண்டு.

பெட்டிக்கு மாடியும் இல்லை, ஜன்னலும் இல்லை.
சுற்றிவந்து பார்த்தேன்.

நைட்டியை ஒதுக்கி
இடது எஞ்சினை மட்டும் முடுக்கினேன்.
கீழ்வீட்டில்
லைட் எரிந்தது.