பக்கவாட்டு வெளிச்சம்

இருபத்திரண்டு ஆண்டுகள் பேப்பர் மில்லில்
தாளை விரலால் தொட்டே ஈரம் சொன்னவன் நான்.
ஆறு சதவீதம், ஆறரை;
கருவி பிறகு வந்து ஆமாம் போடும்.
மில்லை மூடிவிட்டார்கள்.
ஐம்பத்து மூன்று வயதில்
வீடு பார்க்கப் படிக்கிறேன்,
குடிபோவதற்கு அல்ல.

டூலூத்தில் பிப்ரவரி.
ஏரி, கண்ணுக்கெட்டும் வரை கட்டியாகக் கிடக்கிறது.
எனக்குப் பயிற்சி தரும் சில்யா ஹாக்காலா
என் கடைசி மகளைவிடச் சின்னவள்.
ஏணியைச் சாய்த்துக் காட்டினாள்:
நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி.
இரண்டு காலும் ஒரு கையும்,
இல்லாவிட்டால் இரண்டு கையும் ஒரு காலும்;
மூன்று எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும்.

கூரை விளிம்பில் ஆளுயரப் பனி ஈட்டிகள்.
அழகாயிருக்கிறதே என்றேன்.
"உள்ளே சூடு ஒழுகுகிறது என்று அர்த்தம்.
மேலே உருகி, விளிம்பில் உறைந்து,
பின்னால் தேங்கும் தண்ணீர்
ஓட்டுக்கு அடியில் ஏறும்.
அழகாயிருந்தால் ஏணியை எடு."

என் முதல் அறிக்கையில்
பதினாறு சொற்களைச் சிவப்பால் அடித்தாள்.
பாவம். நல்ல. கொஞ்சம். ஒருவேளை. ஒருவேளை.
பார்த்ததைப் பார்த்தேன் என்று எழுது,
பார்க்க முடியாததை
முடியவில்லை என்று எழுது.
வாங்கலாமா என்று கேட்பார்கள்,
வாயைத் திறக்காதே.

அன்றிரவு வாடகை அறையில்
பிளக் சோதிக்கும் கருவியைச் சும்மா செருகிப் பார்த்தேன்.
கட்டிலருகே சிவப்பு எரிந்தது.
கம்பிகள் இரண்டும் இடம் மாறியிருந்தன.
ஆனாலும் மேசை விளக்கு ஒழுங்காகத்தான் எரிந்தது,
ஒரு வருடமாக.

ஏழாவது வீடு டெல்பர்ட் ஆகெசனுடையது.
வாங்க வந்த டோரியா
பல் மருத்துவமனைச் சீருடையோடே வந்திருந்தாள்.
தொட்டில் எங்கே கொள்ளும் என்று
அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டிருந்தாள்.
ஆகெசன் வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை.
நாங்கள் பின்னறை வாசலை நெருங்கியபோது
"காபி போடட்டுமா?" என்றார்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

என் வீட்டை விற்ற வருடம்,
ஆய்வாளர் வருவதற்கு முந்தின இரவு,
கிழக்கறைக் கூரையில் இருந்த கறைக்கு
இரண்டு கை வெள்ளையடித்தேன்.
வாடை போக ஜன்னலைத் திறந்து வைத்து
கோட்டு போட்டுக்கொண்டு தூங்கினேன்.
காலையில் அவர் அந்த வாசலுக்கு வந்ததும்
இதே கேள்வி, இதே இடத்தில்.
அவர் பாலில்லாமல் குடித்தார்.
வாங்கியவர்களுக்கு இரட்டைக் குழந்தைகள்.
பெயர்கள் ஞாபகம் இருக்கின்றன.

டார்ச்சை நேராக அடித்தால் எதுவும் தெரியாது.
கூரையோடு ஒட்டிப் படுக்கவைத்து
பக்கவாட்டில் அடிக்க வேண்டும்.
ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு
பளபளப்பு வேறாக இருந்தது.
விரல் வைத்தேன். விரலுக்குத் தெரிந்துவிட்டது.
கருவி பிறகு வந்து சொன்னது: இருபத்திரண்டு.

திரும்பினால் ஆகெசன்,
இரண்டு கையிலும் இரண்டு கோப்பை,
கதவைத் தட்டக் கையில்லாமல்.

எழுதினேன்.
பின்னறை, வடகிழக்கு மூலை.
புதிய வண்ணப்பூச்சு.
ஈரம் இருபத்திரண்டு சதவீதம்.
மேலே பரணில் பஞ்சு நனைந்திருக்கிறது.
சில்யா வாங்கிப் படித்தாள்.
சிவப்புப் பேனா பையிலேயே இருந்தது.

"நீங்களாக இருந்தால் வாங்குவீர்களா?"
டோரியா என்னைத்தான் கேட்டாள்.
சொல்லக்கூடாதென்று படித்த கேள்வி.
"நானாக இருந்தால்
இதை விற்றிருப்பேன்" என்றேன்.
வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள்.
ஆகெசன் சிரிக்கவில்லை.

காபி ஆறியிருந்தது. குடித்தேன்.
சர்க்கரை அதிகம்;
என்னுடையதிலும் அன்று அப்படித்தான்.
அறிக்கையில் அதற்கு இடமில்லை.
கோப்பையைக் கழுவும்போது
குழாயடியில் கை நீட்டி
கசிகிறதா என்று பார்த்தேன்.
கசியவில்லை.
அதையும் எழுதினேன்.