சிரிக்கக் கூடாது

பத்தொன்பது வருடமாக நான் சொல்லிவந்த வாக்கியங்கள் மூன்று:
கண்ணாடியைக் கழற்றுங்கள்.
காதைக் காட்டுங்கள்.
சிரிக்கக் கூடாது.

மொண்டேவிடியோ, அடையாள அட்டை அலுவலகம்,
நான்காம் எண் மேசை.
வந்து உட்கார்ந்த முகங்களையெல்லாம்
வெள்ளையடித்த சுவராக்கித்தான் அனுப்பினேன்.
பால் பல் விழுந்த குழந்தைக்கும் விலக்கில்லை.
புது மணப்பெண் ஒருத்தி ஏழு தரம் சிரித்தாள்,
எட்டாவது தரம் அதட்டினேன்.

பிறகு இடது காதுக்கு முன்னால் ஒரு கட்டி.
கொண்டைக்கடலையாக இருந்தவரை சும்மா இருந்தேன்.
வாதுமைக் கொட்டையானதும்
தங்கை மாபெல் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.
எடுத்துவிட்டார்கள்.
கட்டியை ஊடுருவி ஒரு நரம்பு ஓடியதாம்.
டாக்டர் ஒதிஸியோ என் கன்னத்தருகே ஐந்து விரலையும் விரித்தார்:
நெற்றிக்கு, இமைக்கு, கன்னத்துக்கு, உதட்டுக்கு, கழுத்துக்கு.
"அறுக்கவில்லை. விலக்கித்தான் வைத்தோம்.
கோபித்துக்கொண்டிருக்கிறது."
கோபம் எத்தனை நாள் என்று கேட்டேன்.
வளர ஆரம்பித்தால்
நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்றார்.

வலப்பக்கம் நான்.
இடப்பக்கம், வாடகை தராமல் என் வீட்டில்
குடியிருக்கும் யாரோ.

மாத்தே உறிஞ்சினால் உலோகக் குழலின் ஓரமாக
பச்சைத் தண்ணீர் ஒழுகிச்
சீருடைக் காலரில் இறங்கும்.
இரவில் இமையை இழுத்துப் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும்,
இல்லாவிட்டால் நான் தூங்கிய பிறகும்
அது கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.
கடலோரச் சாலையில் பேருந்துக்கு நிற்கையில்
தென்மேற்கிலிருந்து பம்பேரோ அடித்தால்
அந்தக் கண் மட்டும் நிறையும்.
முன்பின் தெரியாத ஒருவர் தோளைத் தொட்டு
"வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று?" என்றார்.
காற்று, என்றேன்.
பம்பேரோ என்று சொல்ல வரவில்லை.

ப வராது. ம வராது.
உதடு ஒட்டினால்தானே அவை பிறக்கும்.
என் பெயர் இரிஸ் கியேசா. தப்பித்தேன்,
அதை நாக்கே பார்த்துக்கொள்ளும்.
மாபெலைக் கூப்பிடத்தான்
இரண்டு விரலால் உதட்டைக் கூட்டிப் பிடிக்க வேண்டும்.
மூன்றாம் வாரம் அவளே சொன்னாள்,
"ஏய் என்றால் போதும். வந்துவிடுவேன்."

வேலைக்குத் திரும்பிய அன்றுதான் கவனித்தேன்:
என் மூன்று வாக்கியத்திலும்
உதடு ஒட்டும் எழுத்து ஒன்றுகூட இல்லை.

அந்த வாரமே என் அட்டை காலாவதி.
ஐந்தாம் மேசை வால்தேமார் எழுந்து வந்து
நாற்காலியைத் துடைத்து என்னை உட்காரவைத்தான்.
கண்ணாடியைக் கழற்றினேன்.
காதைக் காட்டினேன், தழும்போடு.
திரை சிவந்தது:
முகத்தை நேராக வைக்கவும்.
மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி சிவப்பு.
வரிசையில் நின்றவர்கள் செல்பேசியிலிருந்து தலை தூக்கினார்கள்.
வால்தேமாருக்குக் கழுத்துவரை வேர்த்தது.
"இந்த மெஷினுக்கு என்ன தெரியும்" என்று முணுமுணுத்தான்.

அதற்குத் தெரியாததுதான் எனக்குத் தோன்றியது.
பத்தொன்பது வருடத்தில்
என் பேச்சை முழுசாகக் கேட்ட ஒரே முகம்
இந்த இடது பாதி.
ஒரு சுருக்கமில்லை, ஒரு நெளிவில்லை.
நினைத்ததும் பொத்துக்கொண்டு வந்தது.
அந்த நேரம் பார்த்து அவன் விரல் பட்டு
படம் விழுந்துவிட்டது.
மேலதிகாரியின் ரகசிய எண்ணைப் போட்டு
அதையே அச்சடித்தார்கள்.

பத்து வருடம் செல்லும் அட்டை.
அதில் வலப்பக்கம் சிரிக்கிறது,
இடப்பக்கம் சட்டத்தை மதிக்கிறது.

நேற்றிரவு பிளாஸ்திரியைக் கிழிக்கும்போது
இடது வாயோரம் ஏதோ ஊர்ந்தது.
வந்துவிட்டது என்று பாய்ந்துபோய் விளக்கைப் போட்டேன்.
எறும்பு.
சாப்பாட்டுக்குப் பின் ஒழுகிய பால்பாகைத்
தேடி வந்திருக்கிறது.

தட்டிவிடவில்லை.
கண்ணாடி முன் அசையாமல் நின்றேன்.
மில்லிமீட்டர் மில்லிமீட்டராக, ஆனால்
டாக்டர் சொன்னதைவிட வேகமாக,
அது உதட்டைக் கடந்து
என் பக்கம் வந்தது.