படகுக்காரனின் முறை

க்டினியாவில் நவம்பர்.
பனி மழையாகிறது, மழை மனம் மாறிப் பனியாகிறது.
டிராலிபஸ் கம்பியில் பொறி தெறிக்கும்போதெல்லாம்
என் சன்னல் ஒரு கணம் வெளுத்து அடங்கும்.

பகலில் நான் பல் செய்கிறவள்.
முகம் தெரியாத வாய்களுக்கு
மெழுகிலும் பீங்கானிலும்.
இரவில் அறுகோணக் கட்டங்கள்.

ஏதோ மேசைமேல் ஆடுவதாக ஒரு பாவனை இந்த விளையாட்டுக்கு.
காடென்றால் பச்சை அட்டை,
மலையென்றால் மடித்த அட்டை.
வீரர்கள் மரக்காய்கள், நகர்ந்தால்
டொக்.
அந்தச் சத்தத்துக்குத்தான் காசு கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.
பகடை உருளும்போது ஓரத்தில் யாரோ வைத்துப்போன கோப்பையில்
இல்லாத தேநீர் நடுங்கும்.

லெசெக்குக்குப் பிடிக்கவில்லை.
"வாய் ஓயாமல் பேசுகிறார்கள்.
பேச்சு வந்தால் பொத்தானை அமுக்கிக்கொண்டே இரு."
ஒன்பது மணி நேரத்தில் உலகைக் காப்பாற்றிவிட்டான்.
படகுக்காரன் எப்படி என்று கேட்டேன்.
"எந்தப் படகுக்காரன்?"

இர்மினா சத்திரத்தின் சாப்பாட்டுப் பட்டியலைக்கூட
இரண்டு முறை படிப்பவள்.
நாற்பது மணி நேரமாகியும் முதல் ஊர் தாண்டவில்லை.
ரொட்டிக்காரிக்குக் கடன் பாக்கியாம்.
அதை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு
டிராகனைப் பார்க்கப் போவது என்கிறாள்.

எனக்கு வாய்த்தது படகுக்காரன்.
மொத்தம் மூன்று வரிதான் அவனுக்கு.
ஆற்றின் ஆழம். கூலி.
அப்புறம், "வலது கரையில் இறங்கு.
இடது பக்கம் என் வீடு, நாய் கடிக்கும்."

கதைக்குத் தேவையே இல்லாத நாய்.

துறையில் ஓநாய்கள்.
நான்கு விழுந்தால் பிழைப்பான்.
இரண்டு.
சேமித்த இடத்துக்குத் திரும்பினேன். இரண்டு.
எழுந்து நடந்துவிட்டு வந்து, இடது கையால். இரண்டு.
பதினோராம் தடவை உறைத்தது:
நான் துறைக்கு வருமுன்பே பகடை விழுந்து முடிந்திருக்கிறது.
எனக்குக் காட்டியது
உருள்வதுபோல் ஒரு படம்.

ஏமாற்று வேலை, என்றான் லெசெக்.
இதைவிட நேர்மை ஏது, என்றாள் இர்மினா.
மறுநாள் ஒரு கடைவாய்ப்பல்லை
மூன்று முறை தவறாக வார்த்தேன்.
மேலாளர் விட்டோல்ட் ஒன்றும் கேட்கவில்லை,
கேட்டிருக்கலாம்.

அன்றிரவு வெகுதூரம் பின்னால் போனேன்.
ஆறு என்ற சொல்லே யாரும் சொல்லாத பழைய சேமிப்பு.
அங்கிருந்து மலைவழி.
ஏழு நாள் நடை, உணவுச் சீட்டெல்லாம் தீர்ந்தது,
கழுதையை விற்றேன்,
வில்லாளிப் பெண் கோபித்துக்கொண்டு பிரிந்தாள்.
அவள் பேச்சு நன்றாக எழுதப்பட்டிருந்தது.
வலித்தது.

முடிவில் கணக்குத் திரை:
வென்றவை, இழந்தவை.
கடைசியில் சாம்பல் நிறத்தில்,
சந்திக்காதவர்: ஒருவர்.

குறையென்றுதான் போட்டிருந்தார்கள்.

வரைபடத்தைக் கீழ்மூலைக்கு இழுத்துப் பார்த்தேன்.
திருப்பப்படாத ஒரு கட்டம், மேலே பஞ்சுபோல் மூடுபனி.
மணி இரண்டேகால். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது,
போகட்டும்.
ஒலியைக் கூட்டிவிட்டு
குரைப்பு கேட்கிறதா என்று
காதை வைத்துக்கொண்டிருந்தேன்.