ஐந்தாவது கதவு

கேபிள் கார் நிலையத்துக்கு முதுகு காட்டி நில்.
வலது கை சுவரைத் தொடுவது போல நட.
ஐந்தாவது கதவைத் தட்டு.
நான்காவது திறந்தே கிடந்தாலும்
உள்ளிருந்து யாரோ வா வா என்றாலும்
ஐந்தாவது.

திபிலிசியில் மூன்று நாள் உட்கார வைத்து
இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.
மீதி காலின் வேலை.

சியாத்துராவில் சுரங்கத் தூசி
ஜன்னல் விளிம்பில் கறுப்பு மாவாகப் படிகிறது.
கொடியில் காய்ந்த துணியை உதறி எடுக்கிறார்கள்.
உதறியது பக்கத்து வீட்டுக் கொடிக்குப் போகிறது.
கேள்வித்தாளில் இதற்குக் கட்டம் இல்லை.
கடந்த ஏழு இரவுகளில்
இருமலால் எத்தனை முறை விழித்தீர்கள்?
கேள்வி பதினொன்று.
நாங்கள் வந்த காரியம் அதுதான்.

லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
என்னிடம் நோட்டுதான் இருந்தது.
ஏழு மாடி ஏறி, இளைத்து,
நான்காவது கதவைத் தாண்டும்போது
வாசலில் ஷுக்ரி, காலுறை இல்லாமல்:
"வா, எழுதிக்கொள். முப்பத்தொரு வருடம் சுரங்கத்துக்குள்ளே."
மன்னிக்கணும் என்றேன். விதியைச் சொன்னேன்.
"அப்போ யாருடைய இருமல் வேண்டும் உனக்கு?"
கோபமாகக்கூட இல்லை,
பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது போல.

ஐந்தாவது கதவில் நானுலி.
வீட்டில் வயது வந்தவர்கள் மூன்று பேர்.
கடைசியாகப் பிறந்தநாள் வந்தது யாருக்கோ
அவருக்கு மட்டுமே கேள்விகள்.
விரல் விட்டு எண்ணினாள்.
கணவனுக்கு பிப்ரவரி, தனக்கு ஜூன்,
மகன் லாஷாவுக்குப் போன செவ்வாய்.
பாதி கேக் இன்னும் மேசைமேல் இருந்தது.

லாஷா போலந்தில் தக்காளி பறித்துவிட்டு வந்தவன்.
ஒரு மாதம் தங்கினால் வீட்டு ஆள் என்பது விதி.
அவன் வந்து முப்பத்திரண்டு நாள்.
ஒரு காதில் இயர்போன்.
கேள்வி பதினொன்று.
"பூஜ்யம்."

சமையலறையில் அவள் இருமினாள்.
முடியட்டும் என்று காத்திருந்தோம், அவனும் நானும்,
ரயில்வே கேட்டில் நிற்பவர்கள் மாதிரி.
சரக்கு ரயில். நீளமானது.

பூஜ்யம் என்று எழுதினேன்.

வக்தாங் என்றொருவன் எங்களோடு இருந்தான்.
பேக்கரியில் உட்கார்ந்தே பதினேழு தாள் நிரப்பினான்.
அவன் தாள்களில் எல்லோரும் இருமினார்கள்,
அளவாக, நியாயமாக, வயதுக்கு ஏற்றபடி.
அதனால்தான் பிடிபட்டான்.

இந்தப் பூஜ்யம் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்காக நிற்கும்.
எடை என்பார்கள்.
நானுலியிடம் சொல்லியிருக்கக் கூடாது. வாய் தவறியது.
"எனக்காக யார் நிற்பார்கள்?"
வேறு தெருவில், வேறொரு ஐந்தாவது கதவில்,
இருமுகிற யாருக்காவது
போன வாரம் பிறந்தநாள் வந்திருக்கும் என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"அவளுக்காவது நல்ல கேக் கிடைத்திருக்கட்டும்."

அடுப்பில் மண்சட்டி நிறைய லோபியோ.
கரண்டியில் ஒரே ஒரு பயறை எடுத்து நீட்டினாள்,
வெந்ததா பார் என்று.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான்,
கிளறிய பானை என்றால்.
மேலே இருந்தது வெண்ணெயாய்க் கரைந்தது.
பிறகு அவள் அடிவரை துழாவினாள்.
தீய்ந்த வாசம் எழுந்து வந்தது.
வெந்துவிட்டது என்றேன்.

"இறங்கவும் காசு கேட்கும்" என்று
உள்ளங்கையில் ஒரு நாணயத்தை அழுத்தினாள்.
வேண்டாம் எனச் சொல்ல விதி இருந்தது.
வாங்கிக்கொண்டேன்.

லிஃப்ட் எங்கோ சிக்கி, யோசித்து, மெதுவாக ஏறியது.
நான்காவது கதவு இப்போது சாத்தியிருந்தது.
அதற்குப் பின்னால் ஷுக்ரி.
நின்றபடி எண்ணினேன்.
பதினான்கு.
எந்தத் தாளிலும் அது இல்லை.

காசைப் போட்டேன்.
கீழே இறங்கி, வலப்பக்கம்.
ஒன்று. இரண்டு.