உணவுச் சங்கிலி, ஐந்தாம் ஆண்டு

பாகாவில் மழை. இணையம்
நாற்பத்தோரு விழுக்காட்டில் முரண்டு பிடித்தது.
பதினோரு பிள்ளைகளும் நானும்
வட்டம் சுற்றுவதைப் பார்த்திருந்தோம்.

பிறகு திரையில்
செம்பனை, எலி, கூகை.
ஒன்றை அழி, மற்றதைக் கவனி என்றது பாடம்.

லோஷினி எலியைத் தொட்டாள்.
கூகை வெளிறி, புள்ளியாகி,
இல்லாமல் போயிற்று.
மூன்று நட்சத்திரம்; கணினி கைதட்டியது.

"டீச்சர், அப்பா வைக்கிற நீல மருந்து இதுதானா?
பதினாலாம் நம்பர் காட்டுல
ஆந்தைப் பெட்டி காலியாத்தான் கிடக்குது."

என் பாடக்குறிப்பில் அதற்குக் கட்டம் இல்லை.
"இருக்கலாம்" என்றேன்,
சிவப்புப் பேனாவை மூடித் திறந்தபடி.

அவள் 'மீண்டும் தொடங்கு' அழுத்தினாள்.
கூகை வந்து உட்கார்ந்தது. எலியும்.
இம்முறை எதையும் தொடாமல்
கையை மடியில் வைத்துக்கொண்டாள்.